டைமிங் பெல்ட் மாற்றியபின் வண்டியில் இழுவை இல்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழிமுறை

புது பெல்ட் மாட்டியாயிற்று. வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலிலும் நிற்கிறது. ஆனால் ஆக்சிலரேட்டரை மிதித்தால் பழைய இழுவை இல்லை. இந்த இடத்தில் பலரும் உடனே கவரைக் கழற்றி, பெல்ட் சரியான பல்லில் இருக்கிறதா என்று புல்லிகளின் மார்க்கைப் பார்க்கப் போய்விடுவார்கள். கிராங்க் புல்லியை எடுத்து, இன்ஜின் மவுண்ட்டை இறக்கி, அரை நாள் போனபிறகு மார்க் எல்லாம் சரி, ஏர் ஃப்ளோ சென்சாரின் கப்ளர்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். கவரைத் தொடும் முன் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஸ்கேனரில் வரும் பிழைக் குறியீடு, ஐடிலில் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்த் தொகுதி) அழுத்தம், எல்லா சிலிண்டர்களின் கம்ப்ரஷன் (அமுக்க அழுத்தம்). பெல்ட் பல் தவறியதா, வால்வு வளைந்ததா, எதையாவது மாட்ட மறந்ததா என்பதை இந்த மூன்றும் சேர்ந்து பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

அதுவரை வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள். மிஸ்ஸிங் உள்ள இன்ஜினில் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரியும். உள்ளே இருக்கும் தேன்கூட்டுப் பகுதி உருகி அடைத்துக்கொண்டால், பெல்ட்டைச் சரிசெய்த பிறகும் இழுவை திரும்பாது. பெல்ட் தளர்வாக இருக்கிறது என்றால் ஆபத்து இன்னும் பெரிது. இப்போது ஒரு பல் தவறியிருப்பது, அடுத்த முறை வேகமாக ரேஸ் கொடுக்கும்போது மூன்று பல் தாண்டலாம். பிஸ்டனும் வால்வும் ஒன்றையொன்று தொடக்கூடிய இன்ஜின் என்றால் அதோடு சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

ஒரு பல் என்றால் எவ்வளவு

பிஸ்டன்கள் சுற்றும் தண்டு கிராங்க், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு கேம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. அதனால் கேம் புல்லியில் கிராங்க் புல்லியைப்போல இரண்டு மடங்கு பல் இருக்கும். கிராங்கில் 20 பல், கேமில் 40 பல் உள்ள இன்ஜினில் ஒரு பல் தவறினால் கேம் 9 டிகிரி தள்ளிப்போகும். கிராங்க் கணக்கில் அது 18 டிகிரி. 24க்கு 48 என்றால் 15 டிகிரி. வால்வு திறப்பதும் மூடுவதும் இத்தனை டிகிரி பிசகினால் இன்ஜின் ஓடாமல் போகாது, ஆனால் கட்டாயம் உணரும்படி மந்தமாகும். இரண்டு பல் என்றால் ஐடில் நிற்பதே கஷ்டம். மூன்று பல் என்றால் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகாது.

வீட்டில் செய்யும் வேலையில் கேம் முந்துவதைவிடப் பிந்துவதுதான் வழக்கம். காரணம் இருக்கிறது. பெல்ட்டின் ஒரு பக்கத்தைக் கிராங்க் இழுக்கிறது, அது இறுகிய பக்கம். மறுபக்கம் தளர்ந்த பக்கம், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் அங்கேதான் இருக்கும். பெல்ட்டைப் பல்லில் ஏற்றும்போது இறுகிய பக்கத்தில் கொஞ்சம் தொய்வு விட்டுவிட்டால், டென்ஷனரை விட்டதும் மார்க்குகள் பார்வைக்குச் சரியாகவே தெரியலாம். இன்ஜினைச் சுற்றத் தொடங்கியதும் கிராங்க் முதலில் அந்தத் தொய்வை இழுத்துக்கொள்ளும், அதன் பிறகுதான் கேம் அசையும். அவ்வளவுதான், கேம் ஒரு பல் பிந்திவிட்டது.

கவரைத் திறக்கும் முன்

முதலில் கண்ணும் கையும். பெல்ட் வேலைக்காக நீங்கள் கழற்றிய ஒவ்வொன்றையும் வரிசையாக நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து திராட்டிலுக்கு வரும் குழாய் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா, அதன் கிளாம்ப் இறுகியிருக்கிறதா. அந்தக் குழாயின் அடிப்பக்க மடிப்பில் விரல் விட்டுத் தடவுங்கள். கிழிசல் மேலே தெரியாது, இன்ஜின் அசையும்போதுதான் வாய் திறக்கும். தூசி விழாமலிருக்கத் திராட்டில் வாயில் துணி செருகியிருந்தால், அதை எடுத்தீர்களா? சின்ன வேக்குவம் ஹோஸ்கள், பிரேக் பூஸ்டர் ஹோஸ், கேம் சென்சார், கிராங்க் சென்சார், கேம் ஆயில் வால்வு ஆகியவற்றின் கப்ளர்கள், மவுண்ட்டில் மாட்டும் எர்த் ஒயர் எல்லாவற்றையும் பாருங்கள். பிளக் ஒயர் தனித்தனியாக உள்ள பழைய இன்ஜினில் இரண்டு ஒயர் இடம் மாறினாலும் இழுவை போய் வெடிச் சத்தம் வரும்.

அடுத்தது ஸ்கேனர். பி0016 வந்தால் கிராங்குக்கும் கேமுக்கும் இருக்க வேண்டிய கோண உறவு பொருந்தவில்லை என்று பொருள். பி0017 அதே பக்கத்தின் இரண்டாவது கேமைச் சொல்லும், பெரும்பாலும் எக்ஸாஸ்ட் கேம். பி0018, பி0019 வந்தால் வி வடிவ இன்ஜினின் இரண்டாவது பக்கம். பெல்ட் மாற்றிய கையோடு இவை வந்தால் சென்சார் வாங்க ஓடாதீர்கள். பெல்ட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பி0335, பி0340 என்றால் சிக்னலே வரவில்லை என்று பொருள். அப்போது கப்ளரும் ஒயரும்தான் முதல் சந்தேகம். பி0325 வந்தால் நாக் சென்சாரின் (இன்ஜின் தட்டலைக் கண்டறிவது) ஒயர் எங்கோ நசுங்கியிருக்கலாம். அந்த சிக்னல் இல்லாதபோது இன்ஜின் கணினி பாதுகாப்புக்காக ஸ்பார்க்கைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அதுவும் இழுவைக் குறைவாகத்தான் தெரியும்.

பிழைக் குறியீடு வரவில்லை என்பதால் டைமிங் சரி என்று முடிவுகட்டாதீர்கள். கேம் சென்சாரே இல்லாத இன்ஜின்கள் உண்டு. இருப்பவற்றிலும் சில கணினிகள் ஒரு பல் பிசகைப் பொறுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, மேனிஃபோல்டு அழுத்தம். இன்ஜின் சூடாகி, ஏசி அணைத்து, ஐடிலில் நிற்கும்போது ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் 30 முதல் 40 கிலோபாஸ்கல் இருந்தால் ஆரோக்கியம். 50, 55 என்று நின்றால் வால்வு டைமிங் பிந்தியிருக்கலாம், அல்லது எங்கோ காற்று உறிஞ்சுகிறது. இந்த அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் இல்லாத வண்டியில் வேக்குவம் கேஜை மேனிஃபோல்டில் மாட்டுங்கள். கடல்மட்ட ஊரில் 17 முதல் 21 அங்குலம் சரி. உயரம் ஏற ஏற 300 மீட்டருக்கு ஏறக்குறைய 1 அங்குலம் குறையும். முள் ஆடாமல் அசையாமல் 10 முதல் 14க்குள் நின்றால் எல்லா சிலிண்டரையும் ஒரே மாதிரி பாதிக்கும் பிழை, அதாவது கேம் டைமிங் அல்லது மேனிஃபோல்டு காற்றுக் கசிவு. முள் சீரான இடைவெளியில் ஒவ்வொரு முறையும் கீழே தட்டினால் ஒரு சிலிண்டரின் வால்வு மூடவில்லை.

காற்றுக் கசிவையும் கேம் டைமிங்கையும் பிரிப்பது சுலபம். கசிவு என்றால் ஐடிலில் பாதிப்பு பெரிது, 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் கிட்டத்தட்ட மறைந்துவிடும். ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் ஃப்யூயல் ட்ரிம் (கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஐடிலில் கூட்டல் 15, 20 சதவீதம் என்று காட்டி, ரேஸ் கொடுத்தால் பூஜ்ஜியத்தை நோக்கி வரும். கேம் பிசகு அப்படி மறையாது. மேப் சென்சாரை மட்டும் நம்பி ஓடும் இன்ஜினில் ட்ரிம் எதிர்த்திசையில் போகவும் செய்யும்: அழுத்தம் அதிகம் என்பதைப் பார்த்துக் கணினி, காற்று நிறைய வருகிறது என்று நம்பி பெட்ரோலைக் கூட்டிவிடும், ஆக்சிஜன் சென்சார் அதைக் குறைக்கச் சொல்லும். கழித்தல் ட்ரிம், பெட்ரோல் வாடை, கறுத்த பிளக் மூன்றும் சேர்ந்து வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கம்ப்ரஷன். எல்லா பிளக்கையும் கழற்றுங்கள். ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸையும் இக்னிஷன் காயில் கப்ளரையும் எடுத்துவிடுங்கள். ஒருவர் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்திருக்க, ஒவ்வொரு சிலிண்டருக்கும் 5 அல்லது 6 அமுக்கம் வரும்வரை செல்ஃப் அடியுங்கள். மிதிக்காமல் எடுத்த அளவு பயன்படாது; திராட்டில் மூடியிருந்தால் நல்ல இன்ஜினும் குறைத்தே காட்டும். நல்ல பெட்ரோல் இன்ஜின் 150 முதல் 200 பிஎஸ்ஐ காட்டும், சிலிண்டர்களுக்கிடையே 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்காது. எல்லாமே ஒன்றுபோல் 100, 115, 110 என்று இருந்தால் வேலைக்கு முன்பு நன்றாக ஓடிய இன்ஜினில் பிஸ்டன் ரிங் தேய்ந்தது என்று சொல்ல முடியாது. கேம் பிந்தியிருக்கிறது: இன்டேக் வால்வு தாமதமாக மூடுவதால் உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி திரும்ப மேனிஃபோல்டுக்கே போகிறது. ஒரு சிலிண்டர் மட்டும் 30 காட்டி மற்றவை 170 காட்டினால் அங்கே வால்வு வளைந்திருக்கலாம்.

கீழ் ஆர்பிஎம்மில் சோம்பல், மேலே பரவாயில்லை

முதல் கியரில் நகர்த்தவே ரேஸ் தேவைப்படுகிறது, மேட்டில் ஏற மறுக்கிறது, ஆனால் 4000 தாண்டினால் உயிர் வருகிறது. கேம் பிந்தியதன் அசல் முகம் இதுதான். கம்ப்ரஷன் எல்லா சிலிண்டரிலும் சமமாகக் குறைவு, வேக்குவம் குறைந்து அசையாமல் நிற்பது என்ற இரண்டும் கூடவே வந்தால் மேலே யோசிக்க ஒன்றுமில்லை, கவரைக் கழற்றுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் பாகம்) உள்ள இன்ஜினில் ஏமாற ஓர் இடம் இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரைக் கேம்தான் சுற்றுகிறது. கேம் பிந்தினால் ஸ்பார்க்கும் அதே 15, 18 டிகிரி பிந்தும். அப்போது டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் இழுவையில் பாதி திரும்பிவிடும், வேலை முடிந்தது என்று தோன்றும். ஸ்பார்க் மட்டும்தான் சரியாகியிருக்கும், வால்வுகள் பிசகியபடியே இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் அதன் நீள்துளையின் கடைசிவரை போனால்தான் டைமிங் லைட்டில் சரியாக வருகிறது என்றால், பிழை டிஸ்ட்ரிபியூட்டரில் இல்லை.

கீழே சரி, 3000க்கு மேல் ஏற மறுக்கிறது

இதற்கு நான்கு காரணங்கள் உண்டு. கேம் ஒரு பல் முந்தினால் இன்டேக் வால்வு சீக்கிரமே மூடும். கம்ப்ரஷன் கேஜ் வழக்கத்தைவிடச் சற்று அதிகமாகவே காட்டும், கீழ் வேக இழுவை நன்றாக இருக்கும், மேலே மூச்சு முட்டும். நல்ல கம்ப்ரஷனைப் பார்த்து டைமிங்கைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

இரண்டாவது, கணினி லிம்ப் மோடில், அதாவது பிழை கண்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு நிலையில் இருக்கிறது. ஆர்பிஎம் ஒரு குறிப்பிட்ட எண்ணில் சுவரில் முட்டியதுபோல் நின்றால் இதுதான். பிழைக் குறியீடு இருக்கும், படியுங்கள். மூன்றாவது, காற்று வரும் வழியிலேயே அடைப்பு: மேலே சொன்ன துணி, அல்லது மடங்கிப்போன குழாய். நான்காவது, உருகிய கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். வேக்குவம் கேஜோடு 2500 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் பிடித்து நில்லுங்கள். முள் முதலில் நல்ல இடத்தில் நின்று, பிறகு மெல்ல மெல்ல இறங்கினால் சைலன்சர் பக்கம் அடைப்பு.

ஐடிலிலேயே உதறுகிறது

ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ்ஸிங் என்றால், பிழைக் குறியீடு பி0301, பி0302 என்று சிலிண்டர் எண்ணோடு வரும். முதலில் எளியவற்றை முடியுங்கள். பிளக்கைக் கழற்றி மாட்டும்போது பீங்கான் விரிசல் விட்டிருக்கலாம், காயில் சரியாக உட்காராமல் இருக்கலாம். காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள், பிழை கூடவே நகர்ந்தால் காயில். நகராவிட்டால் கம்ப்ரஷன். அந்த சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவு என்றால், பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி அளக்கவும். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் லீக் டவுன் சோதனை. அந்த சிலிண்டரை அமுக்கப் பக்க டிடிசியில் (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) நிறுத்தி, பிளக் துளை வழியே காற்று அழுத்தம் கொடுங்கள். காற்று கிராங்கைத் தள்ளிச் சுற்றிவிடும், அதனால் கியரில் போட்டு பிரேக் பிடித்திருக்க வேண்டும். திராட்டில் வாயில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சர் வாலில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. கேம் பல் தவறியிருக்கும்போது இந்தச் சோதனை ஏமாற்றும்: டிடிசியில் மூடியிருக்க வேண்டிய வால்வு உண்மையிலேயே சற்றுத் திறந்திருக்கலாம். மார்க்கைச் சரிசெய்துவிட்டு அதன்பிறகு வால்வுக்குத் தீர்ப்பு எழுதுங்கள்.

வி6 வண்டியில் ஒரு பக்கம் மட்டும்

மூன்று சிலிண்டரில் கம்ப்ரஷன் 175, மற்ற மூன்றில் 125. அல்லது இரண்டு பக்க ஃப்யூயல் ட்ரிம்களும் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் நிற்கின்றன. ஒரு பக்கக் கேம் மட்டும் பல் தவறியிருக்கிறது. பெரும்பாலும் பின்பக்கம், ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்பு) ஓரமாக இருக்கும் அந்தக் கேம். அதன் மார்க்கை நேராகப் பார்க்க முடியாமல் சாய்வாகப் பார்ப்பதால் கண் அரைப் பல் ஏமாறும். கையடக்கக் கண்ணாடியையோ கைபேசிக் கேமராவையோ புல்லியின் நேர் எதிரே பிடித்துப் பாருங்கள். பல வி6களில் வால்வு ஸ்பிரிங் அழுத்தத்தால் ஒரு கேம் மார்க்கில் நிற்காமல் துள்ளி நகரும். பெல்ட்டை ஏற்றும்போது அதை ஸ்பேனரால் பிடித்தே இருக்க வேண்டும்.

முதலில் நன்றாக இருந்தது, பிறகு குறைந்தது

மாட்டியபோது சரி, சில நூறு கிலோமீட்டருக்குள் இழுவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் மார்க் பிழையை விட்டுவிடுங்கள். ஏதோ ஒன்று நகர்கிறது.

முதல் சந்தேகம் கிராங்க் புல்லி போல்ட். அது இறுகாமல் இருந்தால் கிராங்க் புல்லிக்கும் தண்டுக்கும் இடையே உள்ள சின்ன இரும்புக் கீ மட்டுமே எல்லா விசையையும் தாங்கும். அதன் வேலை இடத்தைக் காட்டுவது மட்டும். சுமையைப் பிடிப்பது போல்ட்டின் இறுக்கம். கீ தேய்ந்து, அதன் பள்ளமும் அகலமானால் புல்லி முன்னும் பின்னும் ஆடும், அதனோடு டைமிங்கும் ஆடும். இந்த போல்ட்டின் டார்க் (இறுக்க வேண்டிய அளவு) இன்ஜினுக்கு இன்ஜின் வெகுவாக மாறும். சிலவற்றில் டார்க் கொடுத்த பிறகு இன்னும் இத்தனை டிகிரி திருப்பு என்றும், போல்ட்டைப் புதிதாகவே போடு என்றும் இருக்கும். கையேட்டைப் பார்த்தே ஆக வேண்டிய இடம் இது. இம்பாக்ட் கன் வைத்து உத்தேசமாக இறுக்குவது சரிப்படாது.

இரண்டாவது டென்ஷனர். ஹைட்ராலிக் டென்ஷனரில் பூட்டுப் பின்னை எடுக்க மறந்தால் பெல்ட்டுக்கு அழுத்தமே வராது. முழுக்கச் சுருங்கிப் பழுதான பழைய டென்ஷனரை மறுபடி போட்டாலும் அதே கதி. மையம் விலகிச் சுழலும் (எக்சென்ட்ரிக்) டென்ஷனரில் முதுகில் இருக்கும் நாக்கு பிளாக்கின் பள்ளத்தில் உட்காராமல் இருந்தாலோ, தவறான திசையில் திருப்பி முள்ளைக் கோட்டில் நிறுத்தியிருந்தாலோ, முதல் நாள் சரியாகத் தெரிந்து பிறகு தளர்ந்துவிடும். ஸ்டார்ட் செய்தவுடனும் அணைக்கும்போதும் கவருக்குள் படபடவென்று தட்டல் கேட்டால் பெல்ட் தளர்வு. ஆர்பிஎம்மோடு ஏறும் ஊளைச் சத்தம் என்றால் இறுக்கம் அதிகம். அது இழுவையைக் குறைக்காது, வாட்டர் பம்பின் பேரிங்கைத் தின்றுவிடும்.

மூன்றாவது, சீல் மாற்றும்போது கேம் புல்லியைக் கழற்றியிருந்தால் அதன் போல்ட். சில இன்ஜின்களில் கேம் புல்லிக்குக் கீயே கிடையாது, கூம்பான தண்டில் இறுக்கத்தால் மட்டுமே நிற்கும். ஃபோர்டு சீட்டெக் அப்படிப்பட்டது. கேமைப் பின்பக்கம் 5 மிமீ தகட்டால் பூட்டி, புல்லி போல்ட்டைத் தளர்த்தி, பெல்ட்டுக்கு அழுத்தம் கொடுத்த பிறகுதான் இறுக்க வேண்டும். புல்லியில் மார்க்கைத் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

சூடான பிறகு மட்டும் இழுவை குறைகிறது

பெல்ட்டோடு வாட்டர் பம்பும் மாற்றினீர்களா? கூலன்ட்டில் காற்று அடைத்திருக்கலாம். வெப்பம் ஏறினால் கணினி ஸ்பார்க்கைப் பின்னுக்கு இழுக்கும், ஏசியை அணைக்கும். ரேடியேட்டர் நிரம்பியிருந்தும் ஹீட்டரில் குளிர்காற்று வந்தால் காற்றடைப்பு என்றே எடுத்துக்கொள்ளலாம். முகப்பை உயர்த்தி, ஹீட்டரைத் திறந்து, காற்றை வெளியேற்றுங்கள். சூடான பிறகே வரும் கிராங்க் சென்சார் கோளாறும் உண்டு: ஒயர் எக்ஸாஸ்ட் அருகே உரசிக்கொண்டிருந்தால் அப்படி ஆகும்.

இழுவை இருக்கிறது, நடுக்கம் தாங்கவில்லை

நடுக்கத்தைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட் உள்ள இன்ஜின் என்றால் தனி பெல்ட்டையும் பாருங்கள். மிட்சுபிஷி 4ஜி63இல் ஆயில் பம்ப் புல்லிதான் ஒரு பேலன்ஸ் ஷாஃப்ட்டைச் சுற்றுகிறது. அதன் மார்க் சரியாக நின்றாலும் தண்டு அரைச் சுற்று பிசகியிருக்க முடியும். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள பிளக்கைக் கழற்றி, 8 மிமீ கனமுள்ள ஸ்க்ரூடிரைவரைச் செருகினால் 60 மிமீக்கு மேல் உள்ளே போக வேண்டும். 20, 25 மிமீயிலேயே முட்டினால் புல்லியை ஒரு சுற்று சுற்றி மறுபடி பாருங்கள்.

டீசல் என்றால்

பழைய சுழல் பம்ப் டீசல்களில் அதே பெல்ட் இன்ஜெக்ஷன் பம்பையும் சுற்றுகிறது. பம்ப் பிந்தினால் வெள்ளைப் புகை, கண் எரியும் டீசல் வாடை, இழுவையில்லாமை. முந்தினால் கடகடவென்ற கடினச் சத்தம். கேம், பம்ப், கிராங்க் மூன்றையும் பூட்டும் கருவிகள் இல்லாமல் டீசலில் கை வைக்கவே கூடாது. இங்கே இடைவெளி மிகக் குறைவு. ஏறக்குறைய எல்லா டீசலிலும் பிஸ்டன் வால்வைத் தொடும்.

மார்க்கைச் சரிபார்க்கும்போது

கிராங்கை அதன் போல்ட்டைப் பிடித்து மட்டுமே சுற்றுங்கள், கேம் போல்ட்டைப் பிடித்து அல்ல. அதன் ஓட்டத் திசையிலேயே சுற்றுங்கள். பெரும்பாலும் கடிகாரத் திசை. ஹோண்டாவின் பழைய டி, பி வரிசை இன்ஜின்கள் எதிர்த்திசை. மார்க்கைத் தாண்டிவிட்டால் பின்னுக்கு இழுக்காமல் இன்னும் இரண்டு சுற்று முன்னே வாருங்கள். பின்னுக்கு இழுத்தால் தொய்வு பக்கம் மாறி, மார்க் காட்டுவது பொய்யாகும்.

எந்த மார்க் என்பதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். வெளிப் புல்லியில் பல கோடுகள் இருக்கும். ஹோண்டாவில் வெள்ளைக் கோடு டிடிசி. கொஞ்சம் தள்ளி இருக்கும் மூன்று கோட்டுக் கூட்டத்தின் நடுவில் உள்ள சிவப்பு ஸ்பார்க் டைமிங்குக்கானது. சுபாரு இஜே வரிசையில் கிராங்க் பல்லின் மீது உள்ள சிறு கோட்டைத்தான் பொருத்த வேண்டும், முகத்தில் தெரியும் அம்புக்குறியை அல்ல. சரியாகப் பொருத்தினால் பிஸ்டன்கள் டிடிசியில் இராமல் சிலிண்டரின் நடுவில் நிற்கும். இன்னும் பல இன்ஜின்களில் உள்ளே இருக்கும் பல் புல்லியின் மார்க்கை ஆயில் பம்ப் உறையின் மார்க்கோடுதான் பொருத்த வேண்டும்.

வெளிப் புல்லியை முழுக்க நம்பவும் வேண்டாம். அதன் உள்வட்டத்துக்கும் வெளிவட்டத்துக்கும் நடுவே ரப்பர் இருக்கிறது. ரப்பர் விட்டுப்போனால் வெளிவட்டம் நழுவி, கோடு வேறிடம் போய்விடும். சந்தேகம் வந்தால் முதல் சிலிண்டரின் பிளக் துளையில் நீண்ட பிளாஸ்டிக் குச்சியை நிறுத்தி, கிராங்கை மெல்லச் சுற்றி, குச்சி உச்சம் தொடும் இடத்தைப் பாருங்கள். உச்சத்தில் சில டிகிரிக்குக் குச்சி அசையாது. ஏறும்போது ஓர் உயரத்தையும் இறங்கும்போது அதே உயரத்தையும் குறித்து, இரண்டுக்கும் நடுவை எடுங்கள்.

கேம் மார்க் முழுப் பல் அளவு தள்ளியிருந்தால் பல் தவறியது தெளிவு. அரைப் பல் தள்ளி நின்று, ஒரு பல் மாற்றினால் மறுபுறம் அரைப் பல் தள்ளினால் பல்லை மாற்றுவதில் பயனில்லை. கிராங்க் சரியான டிடிசியில் இல்லை, தவறான மார்க், அல்லது வேறு இன்ஜினின் பெல்ட். பழைய பெல்ட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பற்களை எண்ணுங்கள், பல்லின் வடிவத்தையும் பாருங்கள். ஹெட்டை அரைத்துத் தேய்த்திருந்தால் சிறு பிசகு இருக்கும், அரைப் பல் அளவுக்கு வராது.

சில பெல்ட்டில் வெள்ளைக் கோடுகள் வரைந்து வரும். அவை மாட்டும்போது மட்டும் உதவும். இரண்டு சுற்று சுற்றியதும் கோடுகள் வேறிடத்தில் நிற்பது இயல்பே. பல சுற்றுகளுக்குப் பிறகுதான் மறுபடி சேரும். புல்லி மார்க்குகளை மட்டும் பாருங்கள்.

ஒரு பல் நகர்த்துவது

1. பேட்டரி ஒயரைக் கழற்றி, எல்லா பிளக்கையும் எடுத்துவிடுங்கள். கிராங்க் இலகுவாகச் சுற்றும், மார்க்கில் சரியாக நிற்கும்.
2. கிராங்கை மார்க்குக்குக் கொண்டுவாருங்கள். கேமை ஒரு பல்லுக்கு மேல் திருப்ப வேண்டியிருந்தால், நான்கு சிலிண்டர் இன்ஜினில் கிராங்கை டிடிசிக்கு 90 டிகிரி முன்னால் நிறுத்துங்கள். நான்கு பிஸ்டனும் நடுவில் இருக்கும், வால்வு எதையும் தொடாது. கேமைச் சரிசெய்துவிட்டு, அந்த 90 டிகிரி வழியாகவே கிராங்கை டிடிசிக்குக் கொண்டுவாருங்கள்.
3. டென்ஷனரைத் தளர்த்துங்கள். ஹைட்ராலிக் டென்ஷனரை எடுத்து வைஸில் நேராக நிறுத்தி, மிக மெதுவாக அமுக்கிப் பின்னைச் செருகுங்கள். அவசரப்பட்டால் உள் சீல் போய்விடும்.
4. பெல்ட்டைக் கிராங்கில் தொடங்கி, இறுகிய பக்கம் வழியாகத் தொய்வே இல்லாமல் கேமுக்கு ஏற்றுங்கள். எல்லாத் தொய்வும் டென்ஷனர் பக்கம் வர வேண்டும். இரட்டைக் கேம் என்றால் இரண்டுக்கும் நடுவே உள்ள பகுதியும் இறுக்கமாக இருக்க வேண்டும்.
5. டென்ஷனரை விடுங்கள், கிராங்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றுங்கள். எங்காவது கெட்டியாக முட்டினால் அங்கேயே நிறுத்துங்கள், பலம் போடாதீர்கள்.
6. மார்க்கையும் டென்ஷனர் முள்ளையும் பாருங்கள். இன்னும் இரண்டு சுற்று, மறுபடி பாருங்கள். இரண்டு முறையும் ஒரே இடத்தில் நின்றால்தான் பெல்ட் அமர்ந்தது என்று பொருள். இதை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது செய்ய வேண்டும்.

புல்லிக்கு முன்னால் இருக்கும் மெல்லிய தகட்டைத் திருப்பிப் போடாதீர்கள். விளிம்பு வளைந்த பக்கம் பெல்ட்டை விட்டு விலகி நிற்க வேண்டும். சில இன்ஜினில் அந்தத் தகடே கிராங்க் சென்சாருக்குப் பல் காட்டும் சக்கரம்; திரும்பினால் சென்சார் தப்பாகப் படிக்கும், அல்லது உரசி உடையும். ஒரே கேம் புல்லியை இரண்டு கேமுக்கும் பொதுவாகச் செய்யும் இன்ஜின்களில் இன்டேக்குக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் தனித்தனி பின் துளை இருக்கும், எழுத்தால் குறித்திருப்பார்கள். துளை மாறினால் புல்லி மார்க் நேராக நின்றும் கேம் பிசகியிருக்கும். கேம் முனையில் ஆயில் அழுத்தத்தால் டைமிங்கை மாற்றும் அமைப்பு இருந்தால், அது தன் பூட்டிய ஆரம்ப நிலையில் இருக்கும்போதுதான் பெல்ட்டை ஏற்ற வேண்டும். பி0011, பி0012 தொடர்ந்து வந்தால் முதலில் ஆயில் அளவு, பிறகு அந்த வால்வின் கப்ளர், அதற்கும் பிறகு பூட்டு நிலை.

மூடும் முன் பழைய கம்ப்ரஷன் எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை அளந்துவிடுங்கள். 110 இருந்த இடத்தில் 170 வந்தால் கவரை மாட்டலாம். ஒரு சிலிண்டர் மட்டும் ஏறாமல் நின்றால் இப்போது லீக் டவுன் செய்யுங்கள், அது சொல்வதை இனி நம்பலாம். ஸ்கேனரில் பிழைக் குறியீடுகளை அழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். பேட்டரி கழற்றியிருந்ததால் முதலில் ஐடில் சற்று அலையும். எலக்ட்ரானிக் திராட்டில் உள்ள சில வண்டிகளுக்கு ஸ்கேனரில் ஐடில் லேர்ன் (கணினிக்கு ஐடிலை மறுபடி பழக்குவது) செய்ய வேண்டியிருக்கும், கிராங்க் சென்சாரைத் தொட்டிருந்தால் சிலவற்றுக்கு அதற்கும் தனி லேர்ன் உண்டு. ஐடில் அடங்கியதும் மேனிஃபோல்டு அழுத்தத்தை மறுபடி பாருங்கள். அது 35 பக்கம் வந்து நின்றுவிட்டால் மேட்டில் ஏற்றிப் பார்க்க வண்டியை எடுக்கலாம்.